குழந்தைக்கு ஆபரேஷன்: பாசத்தில் குடும்பம் செய்யும் தவறுகள்

குழந்தைக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் வீட்டில் எல்லோருடைய கவனமும் அந்த ஒரு நாளின் மேல் போய் நிற்கும். எந்த டாக்டர், எத்தனை மணி நேரம், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமா என்றே பேச்சு ஓடும். உண்மையில் அன்று குடும்பத்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு. வெளியே காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எலும்பு, மூட்டு, தசை, முதுகுத்தண்டு சம்பந்தப்பட்ட ஆபரேஷன் என்றால் குடும்பத்தின் வேலை அதற்கப்புறம் வரும் வாரங்களிலும் மாதங்களிலும்தான் இருக்கிறது.

இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அலட்சியத்தால் வருபவை அல்ல. 'இந்த நிமிஷம் பிள்ளை அழக்கூடாது' என்ற தவிப்பில் செய்பவை. தவிப்பு நியாயமானதுதான். ஆனால் இன்று தவிர்த்த அழுகைக்குப் பதிலாகப் பிள்ளை பிற்பாடு அதிகம் அழ வேண்டி வருகிறது.

'சும்மா பார்த்துட்டு வந்துடலாம்'

ஊசி கிடையாது, வலிக்காது, சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லி அழைத்துப்போவது முதல் தவறு. மருத்துவமனை வாசல் வரைதான் அந்தப் பொய் உதவும். உள்ளே போனதும் பிள்ளைக்கு உண்மை தெரிந்துவிடும். அதன்பிறகு 'இன்னும் அஞ்சு தடவை காலை நீட்டு, முடிஞ்சுடும்' என்று பிசியோதெரபி அறையில் நீங்கள் சொன்னாலும் அது நம்பாது. அந்த நம்பிக்கை இல்லாமல் பயிற்சி நடக்காது.

எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் ஓரிரு நாள் முன்னால் போதும். நான்கைந்து வயதுக்குச் சில நாட்கள் முன்னால். பள்ளி வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரமாவது அவகாசம் தேவை. யோசித்து யோசித்துக் கேள்வி கேட்கும். பதின்வயதினரை முடிவெடுக்கும் பேச்சிலேயே உட்கார வைக்க வேண்டும். தன் உடம்பைப் பற்றிய பேச்சு தனக்குத் தெரியாமல் நடந்ததை அவர்கள் சுலபத்தில் மறக்க மாட்டார்கள்.

மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பல பிள்ளைகள், தாங்கள் ஏதோ குறும்பு செய்ததற்கான தண்டனையாகவே ஆபரேஷனை நினைக்கிறார்கள். 'சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்வேன்' என்று மிரட்டி வளர்த்த வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் 'நீ எந்தத் தப்பும் செய்யலை' என்பதைப் பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வேறு பயம்: நடுவில் விழித்துக்கொண்டால் என்ன ஆவது? மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை பக்கத்திலேயே இருப்பார், அவர்தான் எழுப்புவார் என்று விளக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரு வாய் பால்

பசியில் அழுகிறதே என்று யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் கொடுப்பது மிக ஆபத்தான தவறு. மயக்கத்தில் தொண்டையின் பாதுகாப்பு வேலை செய்யாது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். பொதுவாகத் திட உணவுக்கும் புட்டிப்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்துக்கு 2 என்று இடைவெளி சொல்வார்கள். இன்னும் குறைத்துச் சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொன்னதுதான் கணக்கு. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. 'எதுக்கும் பாதுகாப்பா இருக்கட்டும்' என்று முந்தின நாள் மாலையிலிருந்தே ஒன்றும் கொடுக்காமல் விடுவது. அனுமதித்த நேரம் வரை தண்ணீர் குடித்த பிள்ளை அமைதியாகவும் தெம்பாகவும் வரும்.

சளி, இருமல், காய்ச்சலையும் மறைக்கக் கூடாது. தேதி தள்ளிப்போகுமே என்று பலர் வாயே திறப்பதில்லை. சளி பிடித்த பிள்ளையின் மூச்சுப்பாதை சில வாரங்களுக்கு எளிதில் இறுக்கிக்கொள்ளும் நிலையில் இருக்கும். மயக்கத்தின்போது அது பெரிய சிக்கல்.

'ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை'

மயக்கம் தெளியும் நேரத்தில் சில பிள்ளைகள், குறிப்பாக இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் இருப்பவர்கள், வெறி பிடித்தாற்போல் கத்துவார்கள், கை கால் உதைப்பார்கள், அம்மாவையே அடையாளம் தெரியாததுபோல் பார்ப்பார்கள். முன்கூட்டியே தெரியாத பெற்றோர் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நடுங்கிப்போவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும். விழுந்து அடிபடாமலும் கையில் ஏற்றியிருக்கும் ஊசி பிடுங்கப்படாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஊசி போடும்போதும் கட்டு மாற்றும்போதும் நாம் எல்லோரும் சொல்வது 'ஒண்ணுமில்லைடா செல்லம், ஒண்ணுமில்லை'. ஆனால் ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது என்னவென்றால், பெரியவர்கள் இப்படித் தேற்றுவதும் மன்னிப்புக் கேட்பதும் பிள்ளையின் பதற்றம் கூடுவதோடு சேர்ந்தே வருகின்றன. காரணத்தை ஊகிக்கலாம். ஒன்றுமில்லை என்றால் அம்மா ஏன் இவ்வளவு கலங்கிப்போய்ச் சொல்கிறாள்? கவனத்தை வேறு பக்கம் திருப்புவது நன்றாக வேலை செய்கிறது. கதை, கணக்குப் புதிர், மூச்சை ஊதச் சொல்வது எதுவானாலும் சரி. படுக்கவைத்து நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட மடியில் நிமிர்ந்து உட்காரவைத்து அணைத்துப் பிடிப்பது நல்லது. அப்படிச் செய்யலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீம் தருவார்களா என்றும் கேட்கலாம். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் வரை ஆகும் என்பதால் முன்பே கேட்க வேண்டும்.

அமைதியாக இருந்தால் வலி இல்லை என்று நினைப்பது

அசையாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளையை 'சமத்தா இருக்கான்' என்பார்கள். அசைந்தால் வலிக்கும் என்பதால்கூட அசையாமல் இருக்கலாம். பேசத் தெரியாத குழந்தைகளுக்கு முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முறை உண்டு. மூன்று வயதுக்கு மேல் சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை இருக்கும் படங்களில் ஒன்றைப் பிள்ளையே தொட்டுக் காட்டும். பேச்சு வராத, மூளை வாதம் (செரிப்ரல் பால்ஸி, அதாவது மூளைப் பாதிப்பால் தசை இயக்கம் கெடும் நிலை) உள்ள பிள்ளை என்றால் அதன் வலி எப்படித் தெரியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். புருவம் எப்படிச் சுருங்கும், எந்தக் கை இறுகும் என்பதை முதல் நாளே நர்ஸிடம் சொல்லிவைப்பது பெரிய உதவி.

வலி மருந்துக்குப் பழகிவிடுமே என்று பயந்து, தாங்க முடியாமல் அழும்வரை காத்திருப்பது நல்லதல்ல. ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம். முதல் சில நாட்களுக்கு நேரப்படி கொடுக்கச் சொன்னால் நேரப்படி கொடுங்கள். இதில் இரண்டு எச்சரிக்கை. பாராசிட்டமால் பல பெயர்களில், காய்ச்சல் மருந்திலும் சளி மருந்திலும்கூடக் கலந்து வருகிறது. தெரியாமல் இரண்டு மடங்கு போய்விடும். வீட்டில் பெரியவர்களுக்கு எழுதிய வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். சில வலி மாத்திரைகளில் இருக்கும் கோடீன் என்ற மருந்தைச் சில உடல்கள் மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடுவதால் மூச்சே நின்றுபோகலாம். கோடீன், அதேபோன்ற இன்னொரு வலி மருந்தான டிரமடால் இரண்டையும் 12 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் அறிவித்தது இதனால்தான்.

கை காலில் மாவுக்கட்டு போட்டிருந்தால் ஒன்றை மட்டும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கட்டுக்குள் அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போகாமல் நின்றால் சில மணி நேரங்களிலேயே நிரந்தரச் சேதம் ஆகிவிடும். குழந்தைகளில் அது காட்டும் அடையாளம் மூன்று: காரணமில்லாத பதற்றம், அடங்காத நிலைகொள்ளாமை, முன்பு வலியை அடக்கிய மருந்து இப்போது போதாமல் போவது. விரல்களை மெல்ல நீட்டினால் அலறுவதும் அப்படியே. நாடித் துடிப்பு இருக்கிறது, விரல் சிவப்பாக இருக்கிறது என்று சமாதானம் ஆக முடியாது. அவை கடைசியில்தான் மாறும். 'அடம் பிடிக்குது' என்று விடாமல் உடனே கூப்பிடுங்கள், நள்ளிரவானாலும். மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று ஸ்கேல், குச்சி விடுவது சின்னத் தவறுபோல் தெரியும், தோல் கிழிந்து புண்ணாகிவிடும்.

முட்டிக்குக் கீழ் தலையணை

வலிக்கிற காலுக்கு இதமாக முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைக்காத பெற்றோர் குறைவு. பிள்ளைக்கும் அப்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பின்தொடைத் தசையைத் தளர்த்திய ஆபரேஷனுக்குப் பின்னாலும், முட்டிக்குக் கீழே காலை வெட்டி அகற்றிய பின்னாலும் முட்டி மடங்கியே கிடந்தால் தசை சுருங்கி அப்படியே நின்றுவிடும். எதற்காக ஆபரேஷன் செய்தார்களோ அதுவே வீணாகும். கால் மடங்காமல் பிடித்துவைக்க இரவில் மாட்டும் ஸ்பிளிண்டை 'தூங்கட்டும் பாவம்' என்று கழற்றிவிடுவதும் இதே கதைதான்.

பயிற்சி நடக்கும்போது பிள்ளை அழுததும் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். அழுதால் நிறுத்திவிடுவார்கள் என்று பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். அதற்காக அழ அழப் பண்ணச் சொல்லவில்லை. வாயால் கொடுக்கும் வலி மருந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பயிற்சி பத்து மணிக்கு என்றால் மருந்து நேரத்தை அதற்கு ஏற்ப மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்தக் காலை முதலில் செய்வது, எந்தப் பாட்டு ஓடட்டும் என்ற தேர்வைப் பிள்ளையிடம் விடுங்கள். செய்வதா வேண்டாமா என்ற தேர்வைக் கொடுக்காதீர்கள். நெஞ்சு, வயிறு, முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஆழமாக மூச்சு விட வைப்பதற்குச் சோப்புக் குமிழி ஊதச் சொல்வது பல வார்டுகளில் உள்ள நல்ல தந்திரம்.

இன்னொரு ரகம், வேகமாகத் தேறட்டும் என்று சொன்னதைவிட இரண்டு மடங்கு பயிற்சி செய்ய வைப்பவர்கள். எடை தாங்கக் கூடாது என்றால் கூடாதுதான்.

அப்புறம், அவசரத் தீர்ப்பு. மூளை வாதம் உள்ள பிள்ளைக்கு இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்யும் பெரிய ஆபரேஷன் நடந்தால், முதல் சில மாதங்கள் பிள்ளை முன்பைவிட மோசமாக நடக்கும். தசை பலம் குறைந்திருக்கும். பழைய நிலைக்குத் திரும்பவே ஒரு வருடம் வரை ஆகலாம், முன்னேற்றம் அதற்குப் பிறகும் தொடரும். இதை முன்பே யாரும் உட்காரவைத்துச் சொல்லாவிட்டால், மூன்றாம் மாதத்தில் வீட்டில் சண்டை வரும்: 'நடந்துட்டிருந்த பிள்ளையைக் கெடுத்துட்டீங்களே'. பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு ஒப்பிடுவது அந்த நேரத்தில் இன்னும் எரிச்சலைக் கூட்டும். ஆபரேஷனுக்கு முன் பிள்ளை நடப்பதை வீடியோ எடுத்துவைத்தால் ஒப்பிட நியாயமான ஒன்று கையில் இருக்கும்.

பிள்ளையே செய்யக்கூடியதையும் நாமே செய்துவிடுவது இன்னொன்று. தானே சட்டை போட எட்டு நிமிடம் ஆகிறதா, ஆகட்டும். அதுவும் பயிற்சிதான்.

ஒருவர் மட்டும் கூட இருப்பது

பிரிட்டனில் 1950கள் வரை பல மருத்துவமனைகள் பெற்றோரைக் குறிப்பிட்ட நேரம் மட்டுமே வார்டுக்குள் விட்டன. மருத்துவமனையில் குழந்தைகளின் நலன் பற்றி 1959இல் வெளியான பிளாட் குழு அறிக்கைதான் பெற்றோர் தடையின்றி வந்துபோக வேண்டும் என்று அங்கே வற்புறுத்தியது. இன்று கூட இருக்க முடிகிறது. ஆனால் அம்மாவே வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது என்பது தியாகமாகப் பேசப்படுகிறதே தவிர, பிள்ளைக்கு அதனால் நன்மை இல்லை. முறை போட்டு மாறுங்கள். பயிற்சி முறை ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால் அவர் காய்ச்சலில் படுத்த அன்று எல்லாம் நின்றுவிடும். உறவினர் எல்லோருக்கும் தகவல் சொல்லும் பொறுப்பை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் தள்ளிவிடுவதும் உத்தமம்.

டிஸ்சார்ஜ் அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். அன்று யார் சொல்வதும் காதில் ஏறாது. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது, ஸ்பிளிண்ட் மாட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது எல்லாவற்றையும் நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க உங்கள் கையால் சில முறை செய்துவிடுங்கள். கதவு அகலத்துக்கு வீல்சேர் நுழையுமா என்று அளந்துபார்க்க வீட்டில் யாரையாவது அனுப்புங்கள்.

மற்ற பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். 'நீ பெரியவ, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்பதையே மாதக்கணக்கில் கேட்கும் அக்காவுக்கும் பயம் இருக்கும், பொறாமையும் இருக்கும். அவளிடமும் உண்மையைச் சொல்லி, ஒருநாள் வார்டுக்கு அழைத்துப்போங்கள்.

வீடு திரும்பிய பிறகு படுக்கையை நனைப்பது, ஒட்டிக்கொண்டே திரிவது, இரவில் அலறி எழுவது எல்லாம் சில வாரம் இருக்கலாம். அதட்ட வேண்டாம், தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு ஓயவில்லை, மருத்துவமனைப் பக்கம் போனாலே நடுங்குகிறது என்றால் அடுத்த பரிசோதனையில் தையலைக் காட்டும்போதே இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.