ஃபேன் ரெகுலேட்டர்: புதிதாக வேலைக்கு வருபவர்கள் செய்யும் தவறுகள்

வயரிங் வேலை பழக வரும் பையன்களுக்குத் திருகை இறுக்கவும் டேப் சுற்றவும் தெரிந்தே இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஆனால் ரெகுலேட்டர் என்று வந்தால், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பழைய வீடுகளில் இருக்கும் பெரிய பெட்டிக்குள் ரெசிஸ்டன்ஸ் கம்பிச் சுருள் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் மிச்ச மின்சாரம் அதில் சூடாகப் போய்விடும். 1 முதல் 5 வரை 'டக் டக்' என்று திரும்புவது கெபாசிட்டர் வகை. 2.2, 3.3 மைக்ரோஃபாரட் போன்ற கெபாசிட்டர்கள் மோட்டாருக்கு முன்னால் வரிசையில் நின்று வோல்டேஜில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். சூடு மிகக் குறைவு. கட்டம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்புவது ட்ரையாக் வகை. ட்ரையாக் என்பது ஒரு எலக்ட்ரானிக் ஸ்விட்ச். மின்சாரத்தின் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் ஆரம்பப் பகுதியைத் தடுத்து மீதியை மட்டும் விடும். எந்த நேரத்தில் விடுவது என்பதைக் குமிழோடு சேர்ந்த பொட்டென்ஷியோமீட்டரும் (திருப்பினால் ரெசிஸ்டன்ஸ் மாறும் பாகம்), ஒரு சிறு கெபாசிட்டரும், ட்ரையாக்கைத் தட்டிவிடும் டயாக் என்ற சிறு பாகமும் தீர்மானிக்கும்.

மெதுவாகச் சுற்றுகிறது என்று ரெகுலேட்டரை மாற்றுவது

கெபாசிட்டர் வகையில் 5-ஆம் எண் என்பது நேர் இணைப்பு. நடுவே ஒரு கெபாசிட்டரும் கிடையாது. 5-இலும் ஃபேன் சோம்பலாக ஓடினால் முதலில் ஃபேன் மேலே இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை அளந்து பாருங்கள். பல வீடுகளில் அது 2-க்குக் கீழே இறங்கியிருக்கும்.

பி.எல்.டி.சி. ஃபேனுக்குப் பழைய ரெகுலேட்டரை விட்டுவைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் அளவுக்கு இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் போட்ட ரிமோட் ஃபேனுக்கு, 30 வாட்டை ஒட்டி இருந்தாலே போதும். கரன்ட் பில் குறையட்டும் என்றுதான் மக்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மாட்டப் போகிறவர் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு அதே வயரில் புதியதை இணைத்துவிட்டு வந்துவிடுகிறார். கேட்டால், "5-லயே வெச்சிருக்கேன் அண்ணே, ஒண்ணும் ஆகாது" என்பார்.

5-இல் இருக்கும்வரை ஒன்றும் ஆகாதுதான். குமிழ் அங்கேயே நிற்குமா? ஒரு வீட்டில் அப்படி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி பின்னிரவில் குளிருகிறது என்று வழக்கம்போல எழுந்து 2-இல் வைத்திருக்கிறார். ஃபேன் விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. ரிமோட் பழுது என்று நினைத்து பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். சில வாரத்தில் ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் கார்டு போய்விட்டது. ரெகுலேட்டரோடு மாட்டியதால் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். புதுக் கார்டுக்கு அந்தக் குடும்பம்தான் காசு கட்டியது. மாட்டிய ஆள் அந்தப் பக்கமே வரவில்லை.

காரணம் புரிந்தால் இந்தத் தவறு வராது. பி.எல்.டி.சி. ஃபேனுக்குள் இருக்கும் கார்டு முதலில் ஏசியை டிசியாக மாற்றுகிறது. அந்த டிசியை வைத்துத்தான் மோட்டாரைச் சுற்ற வைக்கிறது. வேகம் ரிமோட் சொல்வதுபடி. வெளியே வோல்டேஜைக் குறைத்தால் கார்டு வேகத்தைக் குறைக்காது, அதே வேகத்தைக் காப்பாற்ற இன்னும் அதிக கரன்டை இழுக்கும். ட்ரையாக் ரெகுலேட்டர் என்றால் இன்னும் மோசம். அலையை நடுவில் வெட்டி விடுவதால் கார்டின் ஃபில்டர் கெபாசிட்டர் ஒவ்வொரு முறையும் திடீரென்று சார்ஜ் ஆகும். அந்த அடி டயோடுகளுக்கும் விழும்.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. மெயினை இறக்குங்கள். ரெகுலேட்டரில் வரும் இரண்டு வயரையும் கழற்றி, கனெக்டரில் ஒன்றாகச் சேருங்கள். போர்டில் அந்த ஓட்டையை மூடும் பிளேட் போடுங்கள். குமிழை மட்டும் பிடுங்கிவிட்டு வருவது போதாது.

ரெகுலேட்டருக்கு நியூட்ரல் தேடுவது

ரெகுலேட்டருக்கு நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) கிடையாது. பேஸ் (கரன்ட் வரும் வயர்) வருகிறது, பேஸ் போகிறது.

ஒரே ரெகுலேட்டரில் இரண்டு ஃபேன்

வேண்டாம்.

லைட் டிம்மரில் ஃபேன்

இரண்டிலும் ட்ரையாக்தான், ஆனால் ஃபேன் சுருள் சுற்றிய மோட்டார். அதில் கரன்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கி வருவதால் ட்ரையாக் சரியாக அணையாது. அதற்காகவே ஃபேன் ரெகுலேட்டரில் ட்ரையாக்குக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போடுவார்கள். பல டிம்மர்களில் அது இருக்காது. ஃபேன் உறுமிக்கொண்டே ஓடும்.

ரெகுலேட்டரில் டிசி கெபாசிட்டரைப் போட்டு ஒட்டுவது

230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட். 250 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து டிசி கெபாசிட்டரை வைத்து சால்டர் செய்தால் அது வெடிக்கலாம். ஏசி என்று அச்சிட்டதை மட்டுமே வாங்குங்கள். அப்புறம், கெபாசிட்டருக்குக் குறுக்கே இருக்கும் ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள். அது அறுந்திருந்தால் மெயினை இறக்கிய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.