எஸ்டீமை ஸ்க்ரூட்டினிக்குத் தயார் செய்வது: கூண்டு, பெல்ட், கட்-ஆஃப் சுவிட்ச்

பழைய மாருதி எஸ்டீம் (1.3 லிட்டர், எம்பிஎஃப்ஐ) ஒன்றை டிராக்குக்காக மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் காரி ஸ்பீட்வேயோ, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையோ, போட்டி என்றால் முதலில் ஸ்க்ரூட்டினி மேசையை, அதாவது கார் பாதுகாப்பு விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை, தாண்டியாக வேண்டும். கீழே வரும் அளவுகள் எஃப்ஐஏ என்ற உலக மோட்டார் பந்தய அமைப்பின் விதிப்புத்தகத்தில், அப்பென்டிக்ஸ் ஜே, 253ஆம் பிரிவில் உள்ளவை. நீங்கள் ஓடப்போகும் போட்டியின் இந்த ஆண்டு விதிகளோடு கட்டாயம் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கூண்டு (கார் உருண்டால் டிரைவரைக் காக்க உள்ளே வைக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்) ஏற்றிய காரை ரோட்டில் ஓட்டாதீர்கள். பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. டிராக்குக்கு டிரெய்லரில்தான் போக வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. உள்ளே காலி செய்தல்

சீட், கார்ப்பெட், ரூஃப் லைனிங் எல்லாம் வெளியே. தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டுக்கு ஹீட் கன்னைவிட டிரை ஐஸ்தான் நல்லது. மேலே பரப்பி வைத்தால் ஷீட் இறுகி நொறுங்கிவிடும், சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம். கையுறை போடுங்கள், கதவுகளைத் திறந்து வையுங்கள். அதிலிருந்து வரும் கரியமில வாயு மூடிய இடத்தில் மூச்சை அடைக்கும்.

2. கூண்டு

குழாய்தான் இங்கே முக்கியம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஈஆர்டபிள்யூ, அதாவது தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் வெல்டு வைத்த குழாய். அது வேண்டாம். கோல்டு டிரான் சீம்லெஸ் (சூடேற்றாமல் இழுத்த, வெல்டு மூட்டே இல்லாத குழாய்) என்று கேட்டு, மில் டெஸ்ட் சான்றிதழோடு (குழாய் ஆலை தரும் தரச் சான்று) வாங்குங்கள். டிரைவருக்குப் பின்னால் நிற்கும் மெயின் வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். மற்ற குழாய்களுக்கு 38 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம் போதும். வளைப்பது சூடேற்றாமல்தான். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது.

மெயின் வளைவின் கால் தரையில் நிற்கும் இடத்தில் 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகடு வேண்டும். போல்ட் போட்டுப் பிடிப்பதானால் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று, எம்8, 8.8 கிரேடு. போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துளை போடுமுன் காருக்கு அடியில் படுத்து பிரேக் லைனும் பெட்ரோல் லைனும் எங்கே ஓடுகின்றன என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

வெல்டு குழாயைச் சுற்றி முழுவதும் போக வேண்டும். ரூஃபை ஒட்டிய மூட்டுகளில் மேல்பக்கம் வெல்டிங் டார்ச் நுழையாது. ஃபேப்ரிகேட்டர் முன்பக்கம் மட்டும் வைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் பார்ப்பார். பெயிண்டுக்கு முன் சின்னக் கண்ணாடியும் டார்ச் லைட்டுமாக ஒவ்வொரு மூட்டையும் நீங்களே பாருங்கள்.

3. சீட், பெல்ட்

எஃப்ஐஏ 8855-1999 சீட்டுக்குத் தயாரித்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டுதான் ஆயுள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முதலில் லேபிளைப் பாருங்கள். பெல்ட்டும் அப்படியே, எந்த ஆண்டு வரை செல்லும் என்று லேபிளிலேயே இருக்கும்.

தோள்பட்டை வார் தோளிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்ட மட்டமாகப் போக வேண்டும். 10 டிகிரிக்குமேல் சரியாமல் இருப்பது நல்லது, 45 டிகிரியைத் தாண்டவே கூடாது. பின் சீட்டின் பழைய பெல்ட் துளையிலேயே மாட்டினால் வார் செங்குத்தாக இறங்கும். மோதும்போது அது முதுகெலும்பைக் கீழே அழுத்தும். அதனால் கூண்டிலேயே தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு குறுக்குக் குழாய் வையுங்கள். இடுப்பு வார் வயிற்றின்மேல் இருக்கக் கூடாது, இடுப்பு எலும்பும் தொடையும் சேரும் மடிப்பில் உட்கார வேண்டும். எந்த வாரையும் சீட்டிலோ சீட் பிராக்கெட்டிலோ மாட்டாதீர்கள்.

4. கட்-ஆஃப் சுவிட்ச்

என்னை அதிகம் அலைக்கழித்த வேலை இதுதான். விதி சொல்வது இது: சுவிட்சைத் திருப்பினால் எல்லா மின்சாரமும் நிற்க வேண்டும், இன்ஜினும் நிற்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு முனை சுவிட்சை பேட்டரி பாசிட்டிவில் போட்டால் பேட்டரி மட்டும்தான் துண்டிக்கப்படும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், இன்ஜின் நிற்காது. பெட்ரோல் பம்பும் ஓடும். உடைந்த லைன் வழியே பெட்ரோல் கொட்டும்போது மார்ஷல் (டிராக்கில் உதவிக்கு நிற்பவர்) வெளியிலிருந்து சுவிட்சை இழுத்தும் பயனில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆறு முனை சுவிட்ச் வாங்குங்கள். பெரிய முனை இரண்டு: ஒன்றில் பேட்டரி பாசிட்டிவ் மட்டும், மற்றதில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ் எல்லாம். டபிள்யூ என்று குறித்த இரண்டு சின்ன முனைகள் இக்னிஷன் வயரின் நடுவே வர வேண்டும். இசட் என்று குறித்த இரண்டில் ஒன்று ஆல்டர்னேட்டர் இருக்கும் பெரிய முனைக்கு. மற்றது 3 ஓம், 11 வாட் ரெசிஸ்டர் வழியாக பாடி எர்த்துக்கு. சுவிட்சை அணைத்ததும் டபிள்யூ திறந்து இக்னிஷனை வெட்டும், இசட் மூடி ஆல்டர்னேட்டரின் மிச்ச மின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும். அந்தச் சில நொடிகளில் ரெசிஸ்டர் சூடாகும், பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வயர் மாட்டுமுன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஆன் நிலையில் டபிள்யூ ஜோடியில் தொடர்பு இருக்கும், இசட்டில் இருக்காது. ஆஃப் நிலையில் நேர்மாறு. பேட்டரி கேபிள் லக்கை (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனை) சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள், மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடேற்றினால் சுருங்கி இறுகும் உறை). இன்சுலேஷன் டேப் இன்ஜின் சூட்டில் பசை விட்டு உரிந்துவிடும்.

சோதனை இப்படி: ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜினை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து, சுவிட்சைத் திருப்புங்கள். உடனே நிற்க வேண்டும். பெல்ட் கட்டி உட்கார்ந்த நிலையில் உங்கள் கைக்கும் சுவிட்ச் எட்ட வேண்டும். வெளியே இழுகைப்பிடி விண்ட்ஷீல்ட் தூணின் அடியில் வரும். பக்கத்தில் வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர், அடிப்பக்கம் குறைந்தது 12 செ.மீ.

5. மீதி

2 கிலோ பவுடர் தீயணைப்பான், உலோகப் பட்டையும் உடனே கழற்றும் கொக்கியும் உள்ள பிராக்கெட்டில். பானட்டுக்கும் டிக்கிக்கும் தலா இரண்டு கூடுதல் பின். முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, மஞ்சள், சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில்.

பிற்சேர்க்கை: டீசல் காருக்கும் இதே வயரிங் போதுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இன்ஜெக்டர்கள் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இல்லாத பழைய டீசலுக்குப் போதாது. அதில் ஸ்பார்க்கே இல்லை என்பதால் மின்சாரம் போனாலும் இன்ஜின் ஓடும். இன்ஜினுக்குப் போகும் காற்றை அடைக்கும் ஒரு மூடியை இதே சுவிட்சோடு சேர்த்து இயங்கும்படி வைக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.