கைப்பிடி உடைந்தாலும் கார் கதவைத் திறக்கலாம்
எங்கள் பழைய காரின் பின்கதவில் வெளிக் கைப்பிடி ஏற்கெனவே போயிருந்தது, போன வாரம் உள்ளே இருந்ததும் கையோடு வந்துவிட்டது. பதற வேண்டாம். உடைவது பெரும்பாலும் பிளாஸ்டிக் மட்டும்தான், பூட்டை இழுக்கும் கேபிளோ கம்பியோ கைப்பிடி இருந்த குழிக்குள்ளேயே இருக்கும். முதலில் கதவின் லாக்கைத் திறந்துவிட்டு, அந்தக் கேபிள் அல்லது கம்பியின் நுனியைக் குறடால் பிடித்து நேராக இழுங்கள், அதே நேரம் வெளியிலிருந்து ஒருவர் கதவை உள்பக்கமாக அழுத்தினால் கொக்கியின் இறுக்கம் தளர்ந்து சட்டென்று விடும். நுனி எட்டவில்லையா? கைப்பிடிக் குழியிலும் கை வைக்கும் இடத்திலும் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, கதவின் உள் அட்டையை விளிம்பிலிருந்து மெல்ல நெம்புங்கள். அப்புறம், பின்கதவில் சைல்டு லாக் (குழந்தைகள் உள்ளிருந்து திறந்துவிடாமல் தடுக்கும் பூட்டு) போட்டிருந்தால் உள் கேபிளை எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, வெளிக் கைப்பிடிக்குப் போகும் கம்பியைத்தான் அசைக்க வேண்டும்.