சல்லிக் கல்லில் மலையின் அடிவேரைப் பார்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் நிலத்தைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல்தான் வரும். கருங்கல் பார்க்க வேண்டுமென்றால் வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் சல்லிக் குவியலுக்குப் போங்கள். அது வன்னிப் பக்கமிருந்து லொறியில் வருவது. உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கும் நான் அங்கேதான் அவர்களைக் கூட்டிப் போவேன். வீட்டுக்காரரிடம் கேட்டே எடுங்கள்.

முதலில் கல்லைக் கழுவுங்கள். புழுதி போகாமல் ஒன்றும் தெரியாது. புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் பிடித்துக் கைவில்லையால் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கண்ணாடிப் பளபளப்போடு இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டை முகத்தோடு மினுங்குவது பெல்ட்ஸ்பார். கறுப்பாக, ஊசிமுனையால் கிளப்பினால் தாள்தாளாக உரிவது மைக்கா.

அப்புறம் கறுப்பு மணிகளின் போக்கைக் கவனியுங்கள். எல்லாப் பக்கமும் சிதறியிருந்தால் கிரனைட். ஒரே திசையில் வரிசை கட்டியிருந்தால் நைஸ், அதாவது சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. வெள்ளை வரியும் அதன் விளிம்பில் தடித்த கறுப்பு மைக்காவும் சேர்ந்த துண்டு கிடைத்தால் விடாதீர்கள். கிரனைட் பிறக்கத் தொடங்கிய இடம் அது.

நடந்தது இதுதான். கண்டங்கள் மோதும்போது, வழமையாக 35–40 கி.மீ. தடிப்புள்ள புவியோடு (பூமியின் வெளி ஓடு) மடிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் 70 கி.மீ. வரை தடிக்கும், திபெத்தின் அடியில் இன்று அப்படித்தான் இருக்கிறது. ஆழத்துக்குப் போன பாறை உடனே உருகாது. எது சூடாக்குகிறது என்று கேட்டால் உராய்வுச் சூடு என்றே பிள்ளைகள் எழுதுவார்கள். ஆனால் பெரும்பங்கு பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைந்து விடும் வெப்பத்துக்குத்தான். அது சேரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். இந்தியா ஆசியாவோடு மோதியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன். இமயத்து மனாஸ்லு மலையின் கிரனைட்டுக்கு வயது 2 கோடி சொச்சம்தான்.

சூடு மட்டும் போதாது, நீரும் வேண்டும். அது மைக்காவின் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. 700 பாகை செல்சியஸைத் தாண்டும்போது வெள்ளை மைக்காவும், 800 பாகை அளவில் கறுப்பு மைக்காவும் உடைந்து நீரை விடும். அந்த நீர் சேர்ந்தால்தான் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் அந்தச் சூட்டில் உருகும். பனம்பழத்தைப் பிசைந்து பிழியும்போது களி வெளியே வந்து தும்பு நிற்பதுபோல, வெளிர்நிறக் குழம்பு கசிந்து போக, கரிய கனிமங்கள் பின்தங்கும். கல்லில் சிவப்பு மணி தெரிந்தால் அது கார்னெட். கறுப்பு மைக்கா உடைந்த இடத்தில் பல வேளைகளில் மிஞ்சுவது.

குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது. வெடிப்புகளில் சேர்ந்து மேலேறி, சில கிலோமீற்றர் ஆழத்தில் மெல்ல ஆறும். மெல்ல ஆறியதால்தான் மணிகள் கண்ணுக்குத் தெரியுமளவு வளர்ந்திருக்கின்றன.

வன்னிக் கல்லைச் சூடாக்கிய மலை, கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தது. 55 கோடி ஆண்டுக்கும் மேல். மலை தேய்ந்துபோய் அடிவேர் மேலே வந்திருக்கிறது.

சமையலறைப் பலகையில் பழக நினைத்தால் வெளிர்நிறப் பலகையைத் தேர்ந்தெடுங்கள். கிரனைட் என்று விற்கும் முழுக் கறுப்புப் பலகைகளில் பல உண்மையில் வேறு பாறை. அவற்றில் குவார்ட்ஸைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.