சும்மா நின்ற விமானத்தை வாங்காதீர்கள்: முதல் செஸ்னாவுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கலிபோர்னியாவில் லிவர்மோர் விமான நிலையத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு செஸ்னா 172 வைத்திருக்கிறோம். 1979-இல் செய்தது, 'என்' (N) மாடல், நாலு சீட், ஒரே இன்ஜின். இங்கே வேலைக்கு வந்த நம்மூர்க்காரர்கள் யாராவது ஒரு சனிக்கிழமை வந்து ஏறிப் பார்ப்பார்கள், அடுத்த வாரமே போன் செய்து "எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். விதிகள் எல்லாம் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் விதிகள், எண்கள் எல்லாம் இந்த 'என்' மாடலுக்கானவை. உங்கள் விமானத்துக்கு அதனுடைய கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சரி.

படி 1: முதலில் லைசென்ஸ், பிறகு விமானம்

பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நாற்பதில் முடிப்பவர்கள் குறைவு, அதனால் அதைவிடக் கூடவே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கல் பரிசோதனையை முதல் வாரமே முடித்துவிடுங்கள், பணம் எல்லாம் கட்டிய பிறகு அதில் மாட்டிக்கொண்டால் மனசு ஒடிந்துவிடும். வாடகை விமானத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் நிஜமாகவே பறக்கப் போகிறோம் என்பது அந்த ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும், விமானம் வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது.

படி 2: பறக்காத மாதத்தின் செலவைக் கணக்குப் போடுங்கள்

ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்திர சோதனை இவை மூன்றும் நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் போகும். பறந்தால் மணிக்குச் சுமார் 8 காலன் பெட்ரோல். இதோடு இன்ஜினுக்கென்று தனியாக ஒரு தொகை எடுத்துவைக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்த விமானத்தில் இருக்கும் லைக்கமிங் நிறுவன இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க நிறுவனம் சொல்லும் கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 வருஷம். புதுப்பிக்க 30,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 15 டாலர் தனியாகப் போட்டு வரவேண்டும்.

கூட்டாளிகள் இருந்தால் நிலையான செலவு பங்காகப் பிரிந்துவிடும். அதைவிட எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது, நாலு பேர் மாறி மாறி எடுப்பதால் விமானம் நின்றுகொண்டே இருப்பதில்லை. இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அடுத்த படியில்.

படி 3: வயதைப் பார்க்காதீர்கள், நின்ற காலத்தைப் பாருங்கள்

செஸ்னா 172 விற்பனைக்கு வந்தது 1956-இல். இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்படவில்லை. 1986-இல் உற்பத்தியை நிறுத்திப் பத்து வருஷம் கழித்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். அதனால் சம்பளக்காரர்கள் வாங்கக்கூடிய விலையில் கிடைப்பதெல்லாம் நாற்பது வயது தாண்டியவைதான். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்த நாற்பது வயது விமானம் நல்ல விமானம்.

பயப்பட வேண்டியது வேறு. லைக்கமிங் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, புரொப்பெல்லரைச் சுற்றும் கிராங்ஷாஃப்டுக்கும் மேலே. இன்ஜின் ஓடும்போது ஆயில் சிதறி அதன் மேல் படுகிறது. நிறுத்தி வாரக்கணக்கில் விட்டால் ஆயில் வழிந்து கீழே போய்விடும், கேம் வெறும் இரும்பாக ஈரக் காற்றில் நிற்கும், துரு பிடிக்கும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தத் துருப் பிடித்த இடம் தேய்ந்து, பொடிப் பொடியாக உதிர்ந்து, ஆயிலில் கலந்து இன்ஜின் முழுக்கச் சுற்றும். 'என்' மாடலில் வந்த ஓ-320-எச்2ஏடி இன்ஜினுக்கு இந்தக் கேம் தேய்மானம் பேர்போன பிரச்சினை. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலில் ஒரு குறிப்பிட்ட சேர்மானம் ஊற்ற வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. கட்டாய உத்தரவே இருக்கிறது, சில விமான ஆயில்களில் அது ஏற்கெனவே கலந்தே வருகிறது.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு விமானத்தை வாங்கப் போன இடத்தில். பளபளவென்று பெயின்ட், புது சீட், மொத்தமே 900 மணி நேரம்தான் ஓடிய இன்ஜின். ஓடிய நேரமும் செய்த வேலையும் எழுதிவைக்கும் லாக்புக்கைப் புரட்டினால் கடைசி மூன்று வருஷத்தில் ஓடியது 11 மணி நேரம். விற்றவர் அதையே ஒரு பெருமையாகச் சொன்னார். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம், மடிப்பு மடிப்பாக இரும்புத் தூள். வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டோம். இப்போது வைத்திருக்கும் விமானத்தின் இன்ஜின் அதைவிட 500 மணி நேரம் கூட ஓடியது, ஆனால் வாராவாரம் பறந்தது.

படி 4: வாங்குவதற்கு முன் சோதனை

உங்கள் செலவில், உங்கள் மெக்கானிக் பார்க்க வேண்டும். அந்த விமானத்தை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த ஒரு வேலைக்கு வேண்டாம். முதல் நாள் லாக்புக் மட்டும் படியுங்கள், ஒவ்வொரு வருஷமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாம் நாள் இன்ஜின். சிலிண்டர் அழுத்தச் சோதனை நன்றாக வந்தது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், அது வால்வையும் ரிங்கையும்தான் காட்டும், கேம் தேய்ந்திருப்பதைக் காட்டாது. ஃபில்டரை வெட்டியே ஆகவேண்டும்.

அப்புறம் சீட் தண்டவாளம். செஸ்னாவின் சீட்டுகள் தரையில் உள்ள தண்டவாளத்தில் நகர்ந்து, அதிலுள்ள ஓட்டைகளில் ஊசி இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஓட்டை தேய்ந்து நீண்டுபோனால் ஊசி பிடிக்காது, மேலே எழும்பும் நேரத்தில் சீட் பின்னால் சறுக்கும், பைலட் கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போவார், மூக்கு வானத்தைப் பார்க்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் இதற்கும் கட்டாயச் சோதனை உத்தரவு உண்டு, அது நடந்ததா என்று லாக்புக்கில் தேடுங்கள்.

படி 5: வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக், 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்கள்

12 மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை, அதற்கான தனி அனுமதி உள்ள மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். ரேடாருக்குப் பதில் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை. விபத்தில் சிக்னல் அனுப்பும் இ.எல்.டி. கருவிக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை. வருடாந்திரச் சோதனை நடக்கும் நாட்களில் லீவு போட்டுக் கூடவே இருங்கள், ஸ்க்ரூ கழற்றவாவது விடுவார்கள்.

ஆயில் மாற்றுவதைச் சொந்தக்காரரே செய்யலாம், பைலட் லைசென்ஸ் இருந்தால் போதும். 50 மணி நேரம் அல்லது 4 மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து இன்ஜின் சூடாக இருக்கும்போதே மேல்மூடியைக் கழற்றி, அடியில் உள்ள வால்வில் குழாய் மாட்டி ஆயிலை வாளியில் இறக்குங்கள். கடைசிச் சொட்டு வரைக்கும் பொறுமையாக விடுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றி, அதற்கென்றே உள்ள கட்டரால் வட்டமாக வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை வெளியே எடுத்து வெயிலில் விரித்துப் பாருங்கள். ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வந்தால் இரும்பு, அதாவது பெரும்பாலும் கேம் அல்லது அதைத் தொடும் டாப்பெட். ஒன்றிரண்டு துகள் என்றால் அடுத்த 25 மணியில் மறுபடி வெட்டுங்கள், கொத்தாக வந்தால் பறக்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்கி, சேஃப்டி ஒயரால் கட்டுங்கள். ஃபில்டர் தளரப் பார்த்தாலும் ஒயர் அதை இறுகும் திசையில்தான் இழுக்க வேண்டும், முதல் முறை இதை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓட்டி, கசிவு பார்த்து, லாக்புக்கில் செய்த வேலை, தேதி, கையெழுத்து, லைசென்ஸ் எண் எழுதினால்தான் வேலை முடிந்தது.

படி 6: பறக்கும் முன் ஒரு சுற்று

இதற்கு 20 நிமிடம். யாராவது பேச்சுக் கொடுத்தால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள், விட்ட இடத்திலிருந்து அல்ல.

உள்ளே ஸ்டியரிங் பூட்டை எடுத்து, பேட்டரியைப் போட்டு, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடக்குப் பலகையான ஃபிளாப்பை இறக்குங்கள். பெட்ரோல் முள்ளை நம்ப வேண்டாம், இறக்கை மேல் ஏறி அளவுகோலை விட்டுப் பாருங்கள். வால், வலது இறக்கை, மூக்கு, இடது இறக்கை என்று வாருங்கள், ஒவ்வொரு கீலையும் கையால் தொட்டு அசைத்துப் பாருங்கள். இடது இறக்கையில் உள்ள, வேகத்தை அளக்கக் காற்றைப் பிடிக்கும் பிட்டோட் குழாயிலும் பெட்ரோல் டேங்க் காற்றுத் துளையிலும் குளவி கூடு கட்டும். வசந்த காலத்தில் இன்ஜின் மூடிக்குள் குருவிக்கூடு. ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) எச்சரிக்கைத் துளையின் மேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சினால் பீப்பி போல ஊதும், கையேட்டிலேயே இப்படித்தான் போட்டிருக்கிறது.

இரண்டு இறக்கைக்கு அடியிலும், இன்ஜின் அருகே உள்ள பெட்ரோல் வடிகட்டியிலும் கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடித்துப் பாருங்கள். விமானப் பெட்ரோல் 100எல்எல் நீல நிறம். தண்ணீர் கனமானது, அடியில் தனிக் குமிழாக நிற்கும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடு எதுவும் தெரியாது, அதனால் நிறத்தை ஒரு வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஹேங்கர் கிடைப்பதற்கு முன்னால் ஒரு ஜனவரியில் நாலு நாள் மழை முடிந்து போனேன். டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது, வலது பக்கம் முதல் மூன்று குப்பியும் அடியில் அரை விரல் தண்ணீர். இறக்கையை அசைத்து அசைத்து ஏழாவது குப்பியில்தான் சுத்தமாக வந்தது. அன்று பறக்கவில்லை, மூடி ரப்பர் மாற்றிய பிறகுதான் பறந்தேன்.

ஆயில் 4 குவார்ட்டுக்குக் (ஒரு குவார்ட் சுமார் ஒரு லிட்டர்) கீழே இருந்தால் கிளம்பக் கூடாது, தூரம் போவதென்றால் 6.

படி 7: எடை, பிறகு பறப்பு

நாலு சீட் இருக்கிறது என்பதற்காக நாலு பேரை ஏற்ற முடியாது. மொத்த எடை 2,300 பவுண்டைத் தாண்டக் கூடாது. எங்கள் விமானத்தின் வெறும் எடை 1,440, மிச்சம் 860. டேங்க் நிரப்பினால் பயன்படுத்தக்கூடிய 40 காலன், காலனுக்கு 6 பவுண்டு, அது 240. ஆட்களுக்கும் பைகளுக்கும் சேர்த்து 620தான். மாமா, அத்தை, அவர்கள் சூட்கேஸ் என்று வந்தால் பெட்ரோலைக் குறையுங்கள் அல்லது இரண்டு நடையாக அழைத்துப் போங்கள். அதுவும் கடைசி 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால்தான் மற்றவர்களை ஏற்றலாம்.

ரன்வேக்கு முன்னால் இன்ஜினை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து, தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவையும் தனித்தனியாகப் பாருங்கள், எதிலும் 125 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள். கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பும் குமிழை இழுத்தால் சுற்று கொஞ்சம் இறங்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் வெயிலிலும் ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள். கடைசியாக சீட்டை முன்னும் பின்னும் உலுக்கிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

55 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் மூக்கைத் தூக்குங்கள், 70 முதல் 80-க்குள் ஏறுங்கள். இன்ஜின் நின்றால் 65, இதை ஏறும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். இறங்கும்போது ஃபிளாப் முழுக்க இறக்கிய பின் 55 முதல் 65. இதற்கு மேல் எழுத்தில் கற்றுத்தர முடியாது, பயிற்சியாளரோடு போங்கள்.

நாங்கள் வழக்கமாகப் போவது சியரா மலையடிவாரத்தில் உள்ள கொலம்பியா என்ற ஊர். ஒரு பக்கம் முக்கால் மணி நேரத்துக்குள், அது போதும். ஆயில் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போய் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும், அப்போதுதான் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். பறக்க நேரமில்லை என்று ஹேங்கர் வாசலில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது ஓட்டாமல் விடுவதைவிட மோசம், அந்தச் சூட்டில் ஈரம் சேரும், போகாது.

படி 8: திரும்பி வந்த பிறகு

பூட்டைப் போட்டு, பிட்டோட் குழாய்க்கு உறை மாட்டி, இன்ஜின் காற்று வழிகளை அடைத்து, இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிய பூச்சிகளை ஈரத்துணியால் துடையுங்கள். எங்கள் சீட் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது: தேதி, ஓடிய நேரம், ஊற்றிய ஆயில், கண்ணில் பட்ட சின்னக் கோளாறு. பத்து நாளாக யாரும் எழுதவில்லை என்றால், அந்த வாரம் யார் எடுப்பது என்று வெள்ளிக்கிழமை இரவே போன் வந்துவிடும்.