செஸ் போர்டோடு ஊர் சுற்றுவது எப்படி

செஸ்ஸும் பிடிக்கும், ஊர் சுற்றவும் பிடிக்கும், ஒரே லீவில் இரண்டையும் எப்படி முடிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஊரைப் பார்த்துப் போட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான். நான் முதன்முதலாக வெளிநாடு போய் ஆடிய ஓப்பன் போட்டியில் (யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஆடலாம்) 5 நாளில் 9 ரவுண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நான் பார்த்ததெல்லாம் அறை, ஹால், நடுவில் ஒரு தெரு, அவ்வளவுதான். அந்த ஊரில் ஒரு பெரிய ஆறு ஓடுகிறது என்பதே திரும்பி வரும்போது விமான ஜன்னல் வழியாகத்தான் தெரிந்தது.

கணக்கு எளிது. ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதல் என்றால், 60 நகர்த்தல் ஓடுகிற ஆட்டம் 4 மணி நேரத்தைத் தின்றுவிடும். முடிந்தபின் மூளை வேறு எதற்கும் உதவாது. அதனால் ஒரு நாளுக்கு ஒரு ரவுண்டு, அதுவும் பிற்பகலில் தொடங்குகிற போட்டியாகப் பாருங்கள். காலை முழுக்க உங்களுடையது. (காலையில் மலையேறிவிட்டு மதியம் வந்து உட்கார்ந்தால் 25-வது நகர்த்தலில் குதிரையைத் தூக்கிக் கொடுப்பீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.) ஒரு நாள் முழுதாக வேண்டுமென்றால் பல ஓப்பன்களில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து அரைப் புள்ளி 'பை' வாங்கலாம், அதாவது அந்த ரவுண்டை ஆடாமலே அரைப் புள்ளி கிடைக்கும். கடைசி ரவுண்டுகளில் பெரும்பாலும் தர மாட்டார்கள், எத்தனை தருவார்கள் என்பதும் போட்டிக்குப் போட்டி மாறும், விதிமுறையைப் படித்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

இன்னொரு நல்ல விஷயம் சுவிஸ் முறை. தோற்றால் வெளியே என்பது இல்லை, முதல் ரவுண்டில் தோற்றவரும் கடைசி ரவுண்டு வரை ஆடுவார். இத்தனை தூரம் பறந்துபோய் முதல் நாளே மூட்டை கட்டவேண்டிய விளையாட்டு இல்லை இது.

எங்கே போகலாம்? உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் காலண்டரிலும், போட்டி முடிவுகள் வெளியாகும் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்திலும் மேய்ந்தாலே மாதக் கணக்கில் கனவு காணலாம். எனக்குப் பிடித்தது நெதர்லாந்தில் வைக் ஆன் ஸே என்ற ஊரில் ஜனவரியில் நடக்கும் போட்டி. உலகின் உச்ச வீரர்கள் ஆடும் அதே ஹாலில் சாதாரண ஆட்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. உங்கள் ஆட்டத்தில் எதிராளி யோசிக்கும்போது எழுந்து நாலு அடி நடந்தால் போதும், டிவியில் பார்த்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் ஓப்பனுக்குப் போனால் வேறு விதமான சுகம். 1972-இல் உலகப் பட்டத்துக்காக அமெரிக்காவின் ஃபிஷரும் சோவியத்தின் ஸ்பாஸ்கியும் மோதிய நகரம் அது. அங்கிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி செல்ஃபோஸ் பக்கத்தில், லைகர்டைலிர் என்ற இடத்துச் சின்னத் தேவாலயத்தின் முற்றத்தில்தான் ஃபிஷரைப் புதைத்திருக்கிறார்கள். உலகத்தையே உலுக்கியவருக்கு அவ்வளவு எளிமையான கல்லறை.

சரி, கிளம்புமுன் செய்யவேண்டியவை. உங்கள் நாட்டுக் கூட்டமைப்பு வழியாக ஃபிடே அடையாள எண் வாங்கிவிடுங்கள், ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டுமென்றால் நடத்துபவர்களிடம் கேளுங்கள், பலர் தருவார்கள். முதல் ரவுண்டு நாளன்று போய் இறங்காதீர்கள், சில போட்டிகளில் ஒரு நிமிடம் தாமதமானாலும் ஆட்டம் போச்சு. அப்புறம் போன். பயணியின் வரைபடம், டிக்கெட், பணம் எல்லாம் அதில்தான் இருக்கும், ஆனால் ஹாலுக்குள் அது உங்கள் பையில் இருப்பதாகத் தெரிந்தாலே நடுவர் உங்களுக்குத் தோல்வி எழுதிவிடலாம். ஸ்மார்ட் வாட்சும் அப்படியே. எங்கே ஒப்படைப்பது என்று முதல் நாளே கேட்டுவைத்து, அறைக்குத் திரும்பும் வழியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டியே வேண்டாம் என்பவர்களுக்குப் பூங்காக்கள் இருக்கின்றன. ஜெனீவாவில் பாஸ்தியோன் பூங்காவில் இடுப்புயரக் காய்களை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தவேண்டும். புடாபெஸ்டின் செசெனி குளியல் குளத்தில் வெந்நீருக்குள் நின்றபடியே ஆடுகிறார்கள். நியூயார்க்கின் வாஷிங்டன் ஸ்கொயரில் உங்களைக் கூப்பிடுபவர் அநேகமாகப் பணத்துக்கு ஆடுபவர், உட்காருமுன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். அவர் வாய் ஓயாது, அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான்.

பூங்காவில் சேர்ந்துகொள்ள ஒரே வழி, பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் இரண்டு ஆட்டம் பார்ப்பது. யோசனை சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு யாராவது எழுந்து நாற்காலியை உங்கள் பக்கம் தள்ளுவார். அதன்பின் மொழி தேவையில்லை, ஆனால் காய்களின் பெயர் கேட்டு வையுங்கள், வேடிக்கையாக இருக்கும். நாம் மூலையில் நிறுத்துகிற யானை, ரஷ்யர்களுக்கு நம் மந்திரி இருக்கும் இடத்தில் நிற்கிறது. அதே மந்திரி பிரெஞ்சில் கோமாளி, ஜெர்மனில் ஓட்டக்காரன். ஒருமுறை ஆட்டம் முடிந்தபின் ஒரு பெரியவர் என் மந்திரியைக் காட்டித் தும்பிக்கை போலக் கையை ஆட்டினார், நான் தலையை ஆட்டி என் மூலைக் காயைத் தொட்டுக் காட்டினேன், அரை மணி நேரம் இதே சண்டை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் 'ஜாதூப்', காயைச் சரிசெய்கிறேன் என்பதற்கான பிரெஞ்சுச் சொல், எல்லா நாட்டு ஹாலிலும் செல்லும்.

மழை நாளுக்கு அருங்காட்சியகம். 1831-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த, பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய காய்களில் பெரும்பகுதி லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்திலும் 11 எடின்பரோவிலும் இருக்கின்றன. கேடயத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும் வீரனை மட்டும் தவறவிடாதீர்கள். இரட்டைப்படை ஆண்டு செப்டம்பரில் இத்தாலிப் பக்கம் இருந்தால், மரோஸ்திக்காவில் மனிதர்களே காய்களாக நிற்கும் ஆட்டத்தைப் பார்க்கலாம்.

பெட்டியில் சுருட்டி வைக்கிற போர்டு, கனமான பிளாஸ்டிக் காய்கள், ராணி இரண்டு ஜோடி (சிப்பாய் ராணியாக மாறும்போது தேவைப்படும்). கடிகாரம் வேண்டாம், கனம். காந்த போர்டு ரயிலுக்கு மட்டும் நல்லது. ஆட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள், எதிராளி கையைக் குலுக்கிவிட்டு முடிந்த ஆட்டத்தை அலசும் அனாலிசிஸ் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினால் போய்விடுங்கள். அவர் 31-வது நகர்த்தலில் எதைப் பார்த்துப் பயந்தார் என்று காட்டி முடித்ததும், எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று கேளுங்கள். பாதி நேரம் அவரே கூட வருவார்.