சர்வ்லெட் ஃபில்டர்: ஃபீல்டில் பயனரை வைக்காதீர்கள்

ஜாவா வெப் அப்ளிகேஷனில், ரிக்வெஸ்ட் சர்வ்லெட்டை அடையும் முன் கடந்து போகும் கோட்தான் ஃபில்டர். அதை எழுதப் பழகுகிறவர்களின் கோட் ரிவ்யூவில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகள் இவை. செயினை (ரிக்வெஸ்டை அடுத்த ஃபில்டருக்கும் கடைசியில் சர்வ்லெட்டுக்கும் அனுப்புவது) அழைக்க மறப்பது இதில் இல்லை. பக்கம் வெறுமையாக வந்ததும் அது தானாகவே தெரிந்துவிடும்.

ஃபீல்டில் ரிக்வெஸ்ட் விவரம்

ஒரு ஃபில்டர் அறிவிப்புக்கு கன்டெய்னர் (டாம்கேட் போல அப்ளிகேஷனை ஓட்டும் சர்வர்) ஒரே ஆப்ஜெக்டைத்தான் உருவாக்கும். அப்ளிகேஷன் ஏறும்போது இனிட் ஒருமுறை, இறங்கும்போது டெஸ்ட்ராய் ஒருமுறை. நடுவில் வரும் ரிக்வெஸ்ட் அத்தனையும் அந்த ஒரே ஆப்ஜெக்டின் டூஃபில்டருக்குள்தான் நுழையும். டாம்கேட்டில் மேக்ஸ்த்ரெட்ஸ் இயல்பாகவே 200, அதாவது ஒரே நேரத்தில் 200 த்ரெட் வரை உள்ளே இருக்கலாம். அப்படியிருந்தும் ‘கரன்ட்யூசர்’ என்று ஒரு ஃபீல்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குமாரின் ரிக்வெஸ்ட் அதில் குமாரை எழுதிவிட்டு டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும். அதற்குள் செல்வியின் ரிக்வெஸ்ட் அதே ஃபீல்டில் செல்வியை எழுதிவிடும். குமாரின் த்ரெட் திரும்பி வந்து படித்தால் அவர் திரையில் செல்வியின் கணக்கு. எக்செப்ஷன் கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது. தனியாளாகச் சோதிக்கும் மெஷினில் இது வரவே வராது. கூட்டம் ஏறும் நாளில்தான் வரும்.

புகார் வந்தபின் போடும் ஒட்டு இன்னும் எரிச்சல். டூஃபில்டருக்கு சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போட்டால் செயினின் மீதி முழுவதும் அந்தப் பூட்டுக்குள் ஓடும். 200 த்ரெட்டும் ஒற்றை வரிசையில் நிற்கும். சரி என்று அதை எடுத்துவிட்டு த்ரெட்லோக்கல் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பு வைக்கும் மாறி) போடுவார்கள். ரிக்வெஸ்ட் முடிந்தாலும் த்ரெட் சாவதில்லை, பூலுக்குத் திரும்புகிறது. ரிமூவ் செய்யாவிட்டால், லாகின் செய்யாமல் அதே த்ரெட்டில் அடுத்து வருபவர் பழைய பயனராகிவிடுவார். த்ரெட்லோக்கல் இருந்தே தீரவேண்டும் என்றால்: செட், பிறகு ட்ரைக்குள் செயின், ஃபைனலியில் ரிமூவ். பெரும்பாலும் அதுவும் தேவையில்லை. லோக்கல் வேரியபிள் போதும். கீழே அனுப்ப ரிக்வெஸ்டின் செட்அட்ரிபியூட் இருக்கிறது. ஃபீல்டில் வைக்கத் தகுந்தது, இனிட்டில் படித்து அப்புறம் மாறாத கான்ஃபிக் மட்டுமே.

இனிட்டில் வெளி சர்வரைத் தொடுவது

அந்த சர்வர் விழுந்திருந்து இனிட்டிலிருந்து எக்செப்ஷன் வெளியேறினால், டாம்கேட் முழு கான்டெக்ஸ்டையும், அதாவது அந்த அப்ளிகேஷன் முழுவதையும் ஏற்றாது. எல்லா முகவரியும் 404.

காலி டெஸ்ட்ராய்

இனிட்டில் எக்சிக்யூட்டர் (பின்னணி வேலைக்கான த்ரெட் பூல்) தொடங்கினால் அதன் ஷட்டவுன் டெஸ்ட்ராயில் வரவேண்டும். விட்டுவிட்டால் அந்த த்ரெட் பழைய கிளாஸ்லோடரை (அப்ளிகேஷனின் கிளாஸ்களை ஏற்றியது) பிடித்துக்கொண்டே இருக்கும். ரீடிப்ளாய் (அப்ளிகேஷனை மறுபடி ஏற்றுவது) சேரச் சேர மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்களுக்கான மெமரி) நிரம்பி அவுட்ஆஃப்மெமரி எரர். சர்வ்லெட் 4.0 முதல் இனிட், டெஸ்ட்ராய் இரண்டுமே டிஃபால்ட் மெத்தட் என்பதால், எழுதாமல் விட்டாலும் கம்பைலர் கேட்காது.

வெப்ஃபில்டர் அனோட்டேஷனில் வரிசையை நம்புவது

அனோட்டேஷன் மட்டும் போட்ட ஃபில்டர்கள் எந்த வரிசையில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வரிசை முக்கியமென்றால் வெப்.எக்ஸ்எம்எல்லில் ஃபில்டர் மேப்பிங் எழுதுங்கள்.

டெலிகேட்டிங்ஃபில்டர்ப்ராக்ஸி

ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கில், கன்டெய்னருக்கு ஃபில்டராகத் தெரிந்து, வேலையை உங்கள் பீனிடம் (ஸ்பிரிங் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்) ஒப்படைக்கும் ப்ராக்ஸி இது. இதன் டார்கெட்ஃபில்டர்லைஃப்சைக்கிள் (இனிட், டெஸ்ட்ராய் அழைப்பைப் பீனுக்கும் அனுப்பவேண்டுமா என்ற அமைப்பு) இயல்பாகவே ஃபால்ஸ். கன்டெய்னர் அழைப்பது ப்ராக்ஸியின் இனிட்டை. உங்கள் பீனின் இனிட் ஓடாது. தொடக்க வேலையை போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட்டிலும் முடிப்பு வேலையை ப்ரீடெஸ்ட்ராயிலும் வையுங்கள்.